பெருமீனுக்கேற்ற தூண்டிற்கோலும் ரீலும்

புணே நகரில் முளா நதியும் முட்டா நதியும் ஒன்றாய்க் கூடும் இடத்திற்குச் சங்கம் என்று பெயர். அங்கிருந்து கிழக்கு நோக்கி ஓடும் முளா-முட்டா நதியில் கிடைத்த ஒரு பெருமீனைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையதிகாரியான வில்லியம் ஹென்றி ஸைக்ஸ் என்பவர் 1839ஆம் ஆண்டில் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். உள்ளூர் மக்கள் வழங்கிய பெயரையே தழுவி அதற்குக் ‘குத்ரி’ என்று பெயரிட்டார். நீலத்துடுப்பு மகசீர் என்று இன்று தூண்டிற்காரர்கள் அழைப்பது இம்மீனைத்தான். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது; பெரிய செதில்களும், தடித்த உதடுகளும், ஓடும் நீரை எதிர்த்து ஏறும் ஆற்றலும் உடையது. தென்னாட்டார் பலரும் சிருங்கேரியில் துங்கைக் கரையில் பொரி தூவிக் கண்டுகளிக்கும் மீன்களும் மகசீர் இனத்தனவே.

நேயர்களே, இத்தகைய பெருமீனைத் தூண்டிலால் பிடிக்க விரும்புவோர் எத்தகைய கோலையும் ரீலையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி மிகச் சிறியது. வார நாட்களில் அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்ப்பதும், விடுமுறை நாட்களில் நீர்நிலைகளின் கரையில் அமர்வதும் என் வழக்கம். ஆனால் தவறாகத் தேர்ந்தெடுத்ததனால் வரும் தீங்கை நேரில் கண்டவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள ஒரு நீர்த்தேக்கத்திற்கு, முறைப்படி அனுமதி பெற்ற நண்பர் ஒருவருடன் சென்றிருந்தேன். என் கையில் மெல்லிய கோலும், சிறிய ரீலும், 3 கிலோ பளுவைத் தாங்கும் நரம்பும் இருந்தன. மெல்லிய கருவியால் பெரிய மீனைப் பிடிப்பதே திறமை என்று எங்கோ படித்ததை அப்படியே நம்பியிருந்தேன். மீன் கவ்வியது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அது ஓடியது. நான் விட்டுப் பிடித்தேன். இறுதியில் கரைக்கு வந்த மீனை முள்ளை நீக்கி நீரில் விட்டேன். அது சற்றுத் தூரம் நீந்தியது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிந்தது. படகோட்டியான முதியவர் மராட்டியில் சொன்னார்: “சாகேப், இதைக் கொன்றது முள் அன்று, களைப்பு.” அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது தீர்ப்பாகவே கேட்டது.

கோலையும் ரீலையும் தேர்ந்தெடுப்பது செலவையும் ஆடம்பரத்தையும் பற்றிய கேள்வி மட்டும் அன்று. மீனை எவ்வளவு விரைவில் கைக்குக் கொண்டுவர முடியும், கொண்டுவந்த மீனை எவ்வாறு உயிருடன் திருப்பி அனுப்ப முடியும் என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பெருமீனைத் தூண்டிலால் பிடிக்கும் முறைகளுள் இரண்டு முக்கியமானவை. கரையிலிருந்தோ நின்ற படகிலிருந்தோ இரையைத் தொலைவில் எறிந்து, சுற்றி இழுப்பது ஒன்று. இதை வீச்சு முறை என்போம். ஓடும் படகின் பின்னே இரையை நீரில் இழுத்துக்கொண்டே செல்வது மற்றொன்று. இதை இழுவை முறை என்போம். உலோகத்தாலோ மரத்தாலோ மீன்போலச் செய்யப்பட்ட இரையைப் பொய்யிரை எனலாம். ரீல் என்ற சொல்லையும் தமிழாக்க முயன்று பார்த்தேன். ‘நரம்புருளை’ என்று எழுதிக் கொடுத்தால் எந்தக் கடைக்காரரும் எடுத்துத் தரமாட்டார். ஆகையால் ரீல் ரீலாகவே இருக்கட்டும். ஆனால் அதில் நரம்பு சுற்றப்படும் பகுதிக்கு நம்மிடமே நல்ல சொல் இருக்கிறது. நூல்கண்டு என்கிறோம் அல்லவா? அதைக் கண்டு என்றே அழைப்போம். மீன் இழுக்கும்போது கண்டு தாராளமாகச் சுழன்றுவிடாதபடி பிடித்து நிறுத்தும் அமைப்பைத் தடை என்போம்.

கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் கோலைத்தான் முதலில் கையில் எடுத்து வளைத்துப் பார்க்கிறார். வரிசை அதுவன்று. எந்த மீன், எந்த நீர் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அம்மீனுக்கும் நீருக்கும் ஏற்ற நரம்பு எது என்று அடுத்தபடியாக முடிவு செய்ய வேண்டும். அந்த நரம்பைப் போதிய அளவு கொள்வதும், அதற்கேற்ற தடையைத் தருவதுமான ரீலை அதன்பின் தேட வேண்டும். அந்த நரம்புக்கும் ரீலுக்கும் ஒத்த கோல் கடைசியில் வருவது. மணமகனைப் பாராமல் பந்தலை அளப்பது போன்றது, நரம்பை முடிவு செய்யாமல் கோலை வாங்குவது.

நரம்பில் இன்று இரண்டு வகைகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று, நம் கடற்கரைகளில் தங்கூசி என்று வழங்கும் ஒற்றை இழை நைலான் நரம்பு. இது இழுத்தால் ஓரளவு நீளும். மீன் திடீரென்று பாயும்போது அந்த நீட்சி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கல்லில் உராய்ந்தாலும் சற்றுப் பொறுக்கும். மற்றொன்று, பல மெல்லிழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நரம்பு. அதே பருமனுள்ள நைலானைவிட இது பன்மடங்கு வலிவுடையது, ஆகையால் சிறிய கண்டில் மிகுந்த நீளத்தைச் சுற்றலாம், தொலைவுக்கும் எறியலாம். ஆனால் இது நீள்வதில்லை. இறுகிய நிலையில் கூரிய பாறையில் பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுந்துவிடும். எனவே பின்னல் நரம்பைப் பயன்படுத்துவோர் அதன் முனையில் சில மீட்டர் நீளத்திற்குத் தடித்த நைலானைச் சேர்த்துக் கட்டுகின்றனர். இதை முன்னரம்பு எனலாம். பாறைகள் நிறைந்த ஆற்றில் முன்னரம்பு இன்றி மகசீரை நாடுவது மீனின் வாயில் முள்ளையும், ஆற்றில் நெடுநரம்பையும் விட்டுவருவதற்கு ஒப்பாகும்.

நரம்பின் வலிவு அதன் சுற்றட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். 10 கிலோ நரம்பு என்றால் 10 கிலோ மீன் வரையில்தான் பிடிக்கலாம் என்பது பொருளன்று. நிலையாக 10 கிலோ விசையில் இழுத்தால் அது அறுகிறது என்பதே பொருள். நீரில் மிதக்கும் மீன் தன் எடை முழுவதையும் நரம்பில் சுமத்துவதில்லை. அது நீந்தும் விசையே நரம்பை இழுக்கிறது. எனினும் முடிச்சு இடப்பட்ட இடத்தில் நரம்பின் வலிவு குறைகிறது. உலர்ந்த முடிச்சை இறுக்கினால் உராய்வின் சூட்டால் மேலும் கெடுகிறது. முடிச்சை நீரில் நனைத்தபின் இறுக்கு என்பது கூலியின்றிக் கிடைக்கும் அறிவுரை.

இனி ரீலுக்கு வருவோம். இதிலும் இரண்டு வகைகள். முதலாவது, கண்டு அசையாமல் நிற்க, அதைச் சுற்றி வளையும் கம்பி நரம்பைச் சுற்றுவது. இதனை ஸ்பின்னிங் ரீல் என்பர். இங்கிலாந்தில் நெசவாலைத் தொழிலில் இருந்த இல்லிங்வொர்த் என்பவர் 1905ஆம் ஆண்டில் இத்தகைய ரீல் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் நிற்கும் கண்டின் முனையிலிருந்து நூல் தடையின்றி உருவி வருவதை நாள்தோறும் காணும் சூழலில் அவர் இருந்தார் என்பதை நினைத்தால், இந்த அமைப்பு எங்கிருந்து பிறந்தது என்பது விளங்கும். எறியும்போது கண்டு சுழல வேண்டியதில்லை. ஆகையால் நரம்பு சிக்கிக்கொள்ளும் தொல்லை குறைவு. புதிதாய்ப் பழகுவோருக்கும் இலேசான இரையை எறிவோருக்கும் இதுவே உகந்தது.

இரண்டாவது வகையில் கண்டே சுழலும். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் கண்டு பலமுறை சுழலுமாறு பற்சக்கரங்கள் அமைந்திருக்கும். ஆகையால் இதற்கு மல்டிபிளையர் ரீல் என்று பெயர். நரம்பு முறுக்கேறாமல் நேராகவே சுற்றப்படுகிறது. பளுவான மீனை இழுக்கும் வலிமை இதற்கு மிகுதி. ஆனால் எறியும்போது கண்டின் வேகம் இரையின் வேகத்தை விஞ்சிவிட்டால் நரம்பு பறவைக்கூடுபோல் சிக்கிவிடும். கட்டைவிரலால் கண்டை அளவாக அழுத்தும் பழக்கம் வேண்டும். அதைக் கற்க ஒரு பருவமாவது ஆகும். இழுவை முறையிலோ எறிதலே இல்லை. படகு செல்லச் செல்ல நரம்பை விட்டுக்கொண்டே போனால் போதும். ஆகையால் வீச்சுக்கு ஸ்பின்னிங் ரீல், இழுவைக்கு மல்டிபிளையர் ரீல் என்று கொள்வது தொடக்கத்தில் தவறாகாது.

எந்த வகையாயினும் ரீலின் உயிர்நிலை தடையில் இருக்கிறது. தடை என்பது சில வட்டத் தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து, கண்டின் சுழற்சியைக் கட்டுப்படுத்துவதுதான். அதை எந்த அளவில் வைப்பது? நரம்பின் வலிவில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை என்பது பலரும் ஒப்புக்கொண்ட விதி. 15 கிலோ நரம்பானால் தடை 4 அல்லது 5 கிலோ விசையில் நழுவத் தொடங்க வேண்டும். இதைக் கையால் இழுத்து மதிப்பிடுவது பிழை. காய்கறிக் கடையில் தொங்கும் சுருள்வில் தராசு போன்ற ஒன்றை நரம்பின் முனையில் மாட்டி, நேராக இழுத்து, எந்த அளவில் கண்டு சுழல்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே நிமிட வேலை; ஆனால் இதைச் செய்பவர் பத்தில் ஒருவர் இருந்தாலே வியப்பு.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏன் போகக்கூடாது? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கண்டு நிறைய நரம்பு இருக்கும்போது அதன் ஆரம் 4 சென்டிமீட்டர் என்றும், அப்போது தடை 5 கிலோ என்றும் கொள்வோம். மீன் ஓடி ஓடி நரம்பை எடுத்துச் சென்றபின் ஆரம் 2 சென்டிமீட்டராகக் குறைகிறது. நாம் தடையைத் தொடவே இல்லை. ஆனால் மீன் இப்போது கண்டைச் சுழற்ற வேண்டுமானால் 10 கிலோ விசையில் இழுக்க வேண்டும். நெம்புகோல் பாதியாயிற்று, வேண்டிய விசை இருமடங்காயிற்று. அதனுடன், நீரில் கிடக்கும் நீண்ட நரம்பை இழுப்பதால் வரும் தடையும் சேர்கிறது. மீன் தொலைவில் ஓடும் வேளையில் பதற்றத்தால் தடையை மேலும் இறுக்குபவர் நரம்பை அறுப்பதற்குத் தாமே ஏற்பாடு செய்கிறார். அந்த வேளையில் செய்யத்தக்கது, தடையைச் சற்றே தளர்த்துவதுதான்.

தடையின் அளவைப் போலவே அதன் சீர்மையும் முக்கியம். மட்டமான ரீலில் கண்டு அசையத் தொடங்குவதற்கு மிகுந்த விசை வேண்டியிருக்கும். அசைந்தபின் திடீரென்று இலகுவாகிவிடும். நரம்பு விட்டுவிட்டு வெட்டிவெட்டி வெளியேறும். மீன் முதன்முதல் பாயும்போது அறும் நரம்புகளில் பல இவ்வகைக் குற்றத்தால் அறுகின்றன. கடையிலேயே கோலில் ரீலைப் பொருத்தி, வளையங்களில் நரம்பைக் கோத்து, நண்பர் ஒருவரை மெதுவாக இழுக்கச் சொல்லிக் கோலின் நுனியைப் பாருங்கள். நுனி வளைந்தபடி அமைதியாக நின்றால் தடை நல்லது. நுனி துள்ளினால் அந்த ரீல் உங்களுக்கு வேண்டாம். பெருமீனின் நீண்ட ஓட்டத்தில் உராய்வு சூட்டைத் தரும். அந்தச் சூட்டிலும் இயல்பு மாறாத கார்பன் தகடுகள் கொண்ட தடை, சற்று விலை மிகுந்தாலும் வாங்கத்தக்கது. ஆடம்பரமான பூச்சுக்கும் மிகுதியான வேகத்திற்கும் கொடுக்கும் பணத்தைத் தடைக்குக் கொடுப்பதே சிக்கனம்.

அடுத்தது கோல். முன்பு மூங்கிலைக் கீற்றுகளாய்ப் பிளந்து ஒட்டிச் செய்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழைக் கோல் வந்தது. 1970களில் கார்பன் இழைக் கோல் பரவியது. கார்பன் கோல் எடை குறைந்தது. இரை முகர்ந்து பார்ப்பதைக்கூடக் கைக்கு உணர்த்தும். நாள் முழுதும் எறிவதற்கு ஏற்றது. ஆனால் அடிபட்ட இடத்தில் சொல்லாமல் ஒடியும். மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மின்கம்பிகளுக்கு அடியிலும், இடி மின்னலின்போதும் அதை உயர்த்திப் பிடிப்பது உயிருக்கு ஆபத்து. கண்ணாடியிழைக் கோல் சற்றுப் பளுவானது. ஆனால் படகின் விளிம்பில் மோதினாலும் பொறுக்கும். இரண்டையும் கலந்து செய்த கோல்களும் உண்டு. படகில் தாங்கியில் செருகி வைக்கும் இழுவைக் கோலுக்கு எடை ஒரு பொருட்டன்று. அங்குக் கண்ணாடியிழையோ கலப்போ போதும்.

கோலின் நீளத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. நீண்ட கோல் வலிமை மிகுந்தது என்று பலர் கருதுகின்றனர். எறிவதற்கு நீளம் உதவும் என்பது உண்மை. ஆனால் இழுத்துப் பிடிக்கும்போது நீளம் மீனுக்கே உதவுகிறது. கோலின் நுனி உங்கள் முன்கையிலிருந்து 2 மீட்டர் தள்ளியும், அடிமுனை 40 சென்டிமீட்டர் தள்ளியும் இருப்பதாகக் கொள்வோம். மீன் 3 கிலோ விசையில் கோலுக்குச் செங்குத்தாக இழுத்தால், அடிமுனையை நீங்கள் 15 கிலோ விசையில் தாங்க வேண்டும். நுனி ஒரு மீட்டரில் இருந்தால் ஏழரைக் கிலோ போதும். இழுவைக் கோல்கள் ஐந்தரை அடி முதல் ஏழு அடி வரை கட்டையாகவும் தடித்தும் இருப்பதன் காரணம் இதுவே. கோலைத் தலைக்கு மேல் செங்குத்தாக உயர்த்தினால் வளைவு முழுவதும் மெல்லிய நுனிக்கே போய்விடும். கார்பன் கோல்கள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் ஒடிகின்றன.

கோலின் அடிப்பகுதியில் இரண்டு அளவுகள் எழுதியிருக்கும். எத்தனை கிராம் இரையை எறியலாம் என்பது ஒன்று. எந்த வலிவுள்ள நரம்பைக் கோக்கலாம் என்பது மற்றொன்று. 10 முதல் 30 கிராம் வரை என்று எழுதிய கோலில் 80 கிராம் இரையை எறிந்தால் கோல் ஒடியும். 5 கிராம் இரையை எறிந்தால் அது காலடியில் விழும். வளையங்களையும் பார்க்க வேண்டும். சிறிது பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் தடவுங்கள். பஞ்சு எங்கேனும் மாட்டினால் அங்கு நுண்ணிய வெடிப்பு இருக்கிறது. அந்த வெடிப்பு நரம்பைக் கத்திபோல் சீவிவிடும்.

இப்பொதுவிதிகளை நம் நாட்டுப் பெருமீன்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஆற்றில் மகசீரை வீச்சு முறையில் பிடிக்க விரும்புவோருக்கு எட்டு அல்லது ஒன்பது அடியுள்ள, இரு கைகளாலும் எறியத்தக்க கார்பன் கோல் ஏற்றது. 10 முதல் 20 கிலோ வரை தாங்கும் நரம்பு வேண்டும். கண்டில் 200 மீட்டராவது இருக்க வேண்டும். மகசீரின் முதற்பாய்ச்சல் நீரோட்டத்தின் துணையுடன் கீழ்நோக்கிச் செல்லும். காவிரியிலும் கபினியிலும் இம்மீன்கள் எத்தகையன என்பதற்கு ஒரு சான்று: 1946ஆம் ஆண்டில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினியில் தூண்டிலால் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ளது. மகசீரின் வாயில் பற்கள் இல்லை; தொண்டையில் உண்டு. ஆனால் அதன் தாடையின் இறுக்கம் மெல்லிய முட்களை நசுக்கி நிமிர்த்திவிடும். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய எச். எஸ். தாமஸ் என்பவர் இந்தியத் தூண்டிற்கலை பற்றி எழுதி 1873இல் வெளிவந்த நூல் முதல், இத்துறை நூல்கள் இந்த வலிமையை வலியுறுத்தி வந்திருக்கின்றன. ஆகையால் கடையில் வாங்கிய பொய்யிரையிலுள்ள மெல்லிய மும்முள்ளை நீக்கிவிட்டுத் தடித்த ஒற்றை முள்ளைப் பொருத்துவது நல்லது. ஒற்றை முள்ளை மீனின் வாயிலிருந்து எடுப்பதும் எளிது.

நீர்த்தேக்கத்தில் இழுவை முறை பொருந்தும். துடுப்புப் படகு மனிதன் நடக்கும் வேகத்தில் சென்றாலே போதும். ஆறு அல்லது ஏழு அடிக் கோல், நடுத்தர மல்டிபிளையர் ரீல், 10 முதல் 15 கிலோ நரம்பு, அதில் 200 மீட்டர், இவை நிறைவாகும். மீன் இழுத்தவுடன் ஒலியெழுப்பும் அமைப்பு ரீலில் இருக்கிறதா என்று பாருங்கள். பொய்யிரை சுழன்றுகொண்டே வருமாயின் நரம்பு முறுக்கேறும். இடையில் ஒரு சுழல் வளையம் சேர்த்தால் அத்தொல்லை நீங்கும்.

கடலில் கணக்கு வேறு. பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 1939இல் தோன்றியது. நரம்புகளை அவற்றின் வலிவுக்கேற்ப 10, 15, 24, 37, 60 கிலோ என்று வகுத்திருக்கிறது. இழுவைக் கோல்களும் ரீல்களும் பெரும்பாலும் இந்த வகுப்புகளின்படியே விற்கப்படுகின்றன. மூன்றும் ஒரே வகுப்பில் இருக்குமாறு வாங்கினால் பொருத்தம் தானே அமையும். நம் கடற்கரையில் வஞ்சிரம் என்றும் நெய்மீன் என்றும் வழங்கும் மீனுக்கு 15 கிலோ வகுப்பு போதும். ஆனால் அதன் பற்கள் கத்தரிபோன்றவை. முள்ளுக்கு முன் ஒரு சாண் அளவாவது எஃகுக் கம்பி வேண்டும். முதுகில் விசிறிபோன்ற துடுப்புடைய மயில்மீனுக்கு 15 அல்லது 24 கிலோ வகுப்பும், அதன் சொரசொரப்பான அலகின் உராய்வைத் தாங்கும் தடித்த நைலான் முன்னரம்பும் தேவை. கொப்பரன் போன்ற பேருருவ மீன்களுக்கும் பெருஞ்சூரைகளுக்கும் 37 அல்லது 60 கிலோ வகுப்பும், நெம்புகோலால் தடையை மாற்றும் ரீலும், வளையங்களுக்குப் பதில் சிற்றுருளைகள் அமைந்த கோலும், கோலின் அடியைத் தாங்கும் இடுப்புவாரும் வேண்டியிருக்கும். அந்தமான் கடலில் பவளப்பாறை ஓரங்களில் பெரும்பாறை மீன்களை வீச்சு முறையில் பிடிப்போர் ஏழரை அல்லது எட்டடிக் கோலும், மிகப் பெரிய ஸ்பின்னிங் ரீலும், 35 கிலோவுக்கு மேற்பட்ட பின்னல் நரம்பும் கொள்கின்றனர். அம்மீன் கவ்வியவுடன் பாறையை நோக்கிப் பாயும். அங்கு விட்டுப் பிடிக்க நேரமில்லை.

கடல்நீர் பட்ட ரீலை வீட்டுக்கு வந்ததும் நன்னீரை மெல்லத் தெளித்துத் துடைத்து உலர்த்துங்கள். வேகமாகப் பீய்ச்சும் நீர் உப்பை உள்ளே தள்ளிவிடும். எடுத்து வைக்கும்போது தடையை முற்றிலும் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் தகடுகள் அழுந்தி, அடுத்த முறை தடை வெட்டிவெட்டி இயங்கும்.

இவ்வளவும் சொன்னபின் மீண்டும் அந்த இறந்த மீனிடம் வருகிறேன். நீண்ட நேரம் போராடும் மீனின் தசைகளில் அமிலம் சேர்கிறது. கோடையில் வெப்பமேறிய நீரில் பிராணவாயு குறைவு. களைத்த மீன் அந்நிலையிலிருந்து மீள முடிவதில்லை. தக்க வலிவுள்ள கருவி போராட்டத்தைச் சுருக்குகிறது. ஆகையால் விட்டுவிடக் கருதும் மீனுக்கு மெல்லிய கருவியை எடுப்பது திறமையுமன்று, கருணையுமன்று. முள்ளின் எதிர்நாவை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனை நீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். தொட நேர்ந்தால் கையை நனைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்தை நோக்கித் தலையை வைத்து, அது தன் வலிவால் கையைவிட்டு நீங்கும் வரை பிடித்திருங்கள்.

எங்கு வேண்டுமாயினும் தூண்டில் போடலாம் என்பதில்லை. நீர்த்தேக்கங்களில் உரியவர்களின் அனுமதி வேண்டும். காப்புக்காடுகளையும் சரணாலயங்களையும் பற்றிய சட்டங்களை அறிந்துகொள்ள வேண்டும். காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் புகழ்பெற்று விளங்கிய தூண்டில் முகாம்கள் 2012ஆம் ஆண்டையொட்டி மூடப்பட்டன.

புணேயின் குத்ரி மீனுக்கு விந்தையான ஒரு வரலாறு நேர்ந்தது. லோணாவளாவில் டாட்டா மின்நிறுவனத்தார் 1970களின் தொடக்கத்திலிருந்து இம்மீனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளைப் பல நீர்நிலைகளுக்கும் அனுப்பினர். நன்னோக்கத்துடன் காவிரியிலும் விடப்பட்ட அம்மீன் அங்குப் பல்கியது. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகியது. வந்த மீனின் பெருக்கமும் அதற்கு ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அந்தத் திமில் மகசீர் எந்த இனம் என்பதே 2018இல்தான் உறுதி செய்யப்பட்டது. உறுதியான அதே ஆண்டில் அது மிக அருகி அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. ஸைக்ஸ் குத்ரியைக் கண்ட முளா-முட்டாவிலோ இன்று நகரத்தின் கழிவுநீர் கலக்கிறது.

ஆகையால் நேயர்களே, அடுத்த முறை கடையில் ஒரு கோலைக் கையில் எடுக்கும்போது அதன் பளபளப்பைப் பாராதீர்கள். இதன் மறுமுனையில் வரப்போகும் மீன் எது, அதற்கேற்ற நரம்பு எது, அந்த நரம்புக்கேற்ற தடை எது என்று வரிசையாகக் கேளுங்கள். சுருள்வில் தராசு ஒன்றையும் மறவாமல் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடமுள்ள கருவிகளில் விலை மிகக் குறைந்தது அதுதான். அந்த நாளில் அது என்னிடம் இருந்து, நான் கணக்கும் பார்த்திருந்தால், 3 கிலோ நரம்பில் ஒரு கிலோவுக்கு மேல் தடை வைக்க இயலாது என்பதும், ஒரு கிலோத் தடையால் அந்த மீனை விரைவில் கொண்டுவர இயலாது என்பதும் வீட்டிலேயே விளங்கியிருக்கும். வேறு கருவியை எடுத்துச் சென்றிருப்பேன். அல்லது வெறுங்கையுடன் கரையில் அமர்ந்து நீரைப் பார்த்திருப்பேன்.